22ஆவது மேளம் எது? டிவி வினாடி வினாவில் காவிரிக்கரை சங்கீதம்

கும்பகோணத்தில் பெரியப்பா வீட்டில் ராத்திரிச் சாப்பாடும் டிவியும் ஒன்றாகத்தான் நடக்கும். பெரியப்பா நாயனக்காரர். கோயில் முறை, கல்யாணம், காதுகுத்து என்று நாற்பது வருஷம் வாசித்தவர், முன்பல் விழுந்தபிறகு வாயில் வைத்து ஊதுகிற சீவாளியைக் கையில் எடுப்பதில்லை. ஒரு நாள் திரையில் கேள்வி வந்தது: நாகஸ்வரம் எந்த மரத்தில் செய்யப்படுகிறது? தேக்கு, பலா, ஆச்சா, மூங்கில். போட்டியாளர் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பலா என்றார்.

"பலா தவிலுக்குய்யா" என்றார் பெரியப்பா, ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே.

அதோடு விடவில்லை. ஆச்சா சரி, எந்த ஆச்சா? புது மரமா, பழைய வீடு இடிக்கிறபோது உத்தரத்திலிருந்து எடுத்த மரமா? நாள்பட்டுக் காய்ந்த மரத்தில்தான் நாதம் நிற்கும், புது மரம் வெடித்துவிடும். அடியில் மாட்டுகிற அணசு எந்த மரம், சீவாளிக்கு ஆற்றங்கரையில் எந்த இடத்துத் தட்டை நல்லது என்று அவர் போய்க்கொண்டிருந்தபோது விளம்பரம் வந்தது. திரும்பி வந்தபோது கேள்வி கிரிக்கெட்டுக்குப் போயிருந்தது.

டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு இந்த நிகழ்ச்சிகளைப் பார்ப்பதில் இப்படி ஒரு வேடிக்கை உண்டு. பாதி விடைகள் நம் தெருவிலிருந்து போனவை. ஆனால் திரும்பி வரும்போது இளைத்துப்போய், ஒற்றைச் சொல்லாக வருகின்றன. இது ஏன் என்று பார்த்தால் தப்பு டிவியிடம் மட்டும் இல்லை. சங்கீதம் கைமாறுகிற விதத்துக்கும் வினாடி வினா நடக்கிற விதத்துக்கும் உள்ள பொருத்தமின்மை அது.

முதலில் இந்த நிகழ்ச்சிகளின் கதை, சுருக்கமாக. 1985இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு நடத்திய 'குவிஸ் டைம்' வந்தபோது வினாடி வினா என்பது ஆங்கிலம் பேசுகிற கல்லூரிப் பிள்ளைகளின் விளையாட்டு. 1998இல் பிரிட்டனில் தொடங்கிய கோடீஸ்வரர் நிகழ்ச்சி 2000இல் அமிதாப் பச்சனோடு இந்திக்கு வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. நாலு விடைகளைத் திரையில் போட்டுவிட்டால் பால்காரரும் விளையாடலாம், பாட்டியும் விளையாடலாம். அதே ஆண்டு சன் டிவியில் சரத்குமார் 'கோடீஸ்வரன்' நடத்தினார். 2012இல் விஜய் டிவியில் சூர்யா 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'யோடு வந்தார், 2019இல் கலர்ஸ் தமிழில் ராதிகா பெண்களுக்கு மட்டுமான 'கோடீஸ்வரி'யை நடத்தினார். வடிவம் வெளிநாட்டுச் சரக்கு. உள்ளே போடுகிற பண்டம் உள்ளூரில்தான் வாங்க வேண்டும். சினிமா, அரசியல், கிரிக்கெட், கோயில், திருக்குறள், அப்புறம் கர்நாடக சங்கீதம்.

சங்கீதம் ஏன்? கேள்வி தயாரிப்பவர் நிலையில் இருந்து பார்த்தால் புரியும். அவருக்கு வேண்டியது மூன்று: ஒரே விடை இருக்க வேண்டும், அது அச்சில் இருக்க வேண்டும், கூடவே வைக்க மூன்று நம்பும்படியான பொய் விடைகள் கிடைக்க வேண்டும். கர்நாடக சங்கீதம் மேலோட்டமாகப் பார்த்தால் இதற்கென்றே செய்துவைத்த மாதிரி இருக்கும். 72 மேளம் (மற்ற ராகங்களுக்குத் தாய் ராகங்கள்), 35 தாளம், 7 ஸ்வரம். பாட்டில் முத்திரையாகக் குருகுஹ என்று வந்தால் முத்துசுவாமி தீட்சிதர், சியாமகிருஷ்ண என்று வந்தால் சியாமா சாஸ்திரிகள். பிறந்த வருஷம், சித்தியடைந்த வருஷம். இதெல்லாம் போட்டித் தேர்வுக் கையேடுகளிலும் இருப்பதால் கேள்வி கேட்பவரும் பதில் சொல்பவரும் அனேகமாக ஒரே கையேட்டைப் படித்திருப்பார்கள்.

அதைவிட வசதி, ஊர்ப்பெயர். செம்மங்குடி, மகாராஜபுரம், உமையாள்புரம், வலங்கைமான், திருவீழிமிழலை என்று ஊரே வித்வானுக்குப் பெயராக நிற்கிற வழக்கம் வேறு எந்தத் தொழிலிலும் இந்த அளவுக்கு இல்லை. கும்பகோணத்தில் பாசஞ்சர் ரயில் ஏறி மயிலாடுதுறை வரை ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும், ஸ்டேஷன் பலகைகள் ஒரு விடைத்தாள் போல வரும். திருவிடைமருதூர் வந்தால் கோட்டுவாத்தியம் சகாராம ராவ், செம்மங்குடியின் குரு. ஆடுதுறை தாண்டினால் நரசிங்கம்பேட்டை, 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நாகஸ்வரம். பக்கத்திலேயே திருவாவடுதுறை, அதாவது ராஜரத்தினம் பிள்ளை. நாகஸ்வரத்தில் சுத்த மத்தியமம் என்கிற ஸ்வரம் சுத்தமாகப் பேச வேண்டும் என்று நரசிங்கம்பேட்டை ஆச்சாரியோடு உட்கார்ந்து நீளமான பாரி நாகஸ்வரத்தைச் செய்யவைத்தவர். அவர் வாசித்த தோடி ராகத்தைப் பற்றிப் பேசாத பெரியவரை இந்தப் பக்கம் பார்க்க முடியாது. மயிலாடுதுறை வந்தால் முன்சீப்பாக இருந்துகொண்டே கீர்த்தனை எழுதிய வேதநாயகம் பிள்ளை, ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்து நந்தன் கதையைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதி. இன்னும் வடக்கே போனால் சீர்காழி, தமிழிசை மூவர்.

ஊரை வைத்து மாட்டிவிடுகிற கேள்விகளும் உண்டு. சங்கீத மும்மூர்த்திகளான தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் மூவரும் பிறந்த ஊர் திருவாரூர். தியாகராஜர் சமாதி இருப்பது திருவையாறு. திருவாரூரில் தியாகராஜர் கோயில் இருக்கிறது, ஆனால் அங்கே இருப்பவர் சிவபெருமான், அவர் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்தார்கள். நமக்கு இது குழப்பமே இல்லை. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது 'தியாகராஜர் திருக்கோயில் எங்குள்ளது' என்று கேட்டுப் பாருங்கள். மூவரில் மூத்தவர் யார் என்பதும் அதே ரகம். தியாகராஜர் என்று வாய் தானாகச் சொல்லும், அவர் 1767. சியாமா சாஸ்திரிகள் 1762.

இதுவரை எல்லாம் சரி, ஒரே விடைதான். இதற்கு மேல் ஒரு படி இறங்கினால்தான் வம்பு.

72 மேளத்தையே எடுத்துக்கொள்வோம். கணக்கு பிறந்தது தஞ்சாவூரில். விஜயராகவ நாயக்கர் காலத்தில், சுமார் 1660இல், கோவிந்த தீட்சிதரின் மகன் வேங்கடமகி 'சதுர்தண்டி பிரகாசிகை' எழுதினார். பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களை எப்படியெல்லாம் ஏழேழாகச் சேர்க்கலாம் என்று போட்டுப் பார்த்து 72 என்று முடித்தார். மேளங்களுக்கு இன்று நாம் சொல்கிற பெயர்கள் பின்னால் வந்தவை. அந்தப் பெயர்களுக்குள் எண்ணை ஒளித்து வைத்தார்கள், கடபயாதி என்கிற முறையில். முதல் இரண்டு எழுத்துக்கும் எண் உண்டு, அதைத் திருப்பிப் போட வேண்டும். மாயாமாளவகௌளை: மா 5, யா 1, திருப்பினால் 15. பதினைந்தாவது மேளம். டிவிக்கு இதைவிட என்ன வேண்டும்?

இப்போது கரகரப்பிரியா. தமிழில் எழுதி வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். ர 2. க எத்தனை? வடமொழியில் க ஒலிக்கு நாலு எழுத்து, 1 முதல் 4 வரை. தமிழில் நாலுக்கும் ஒரே க. ஆக மேளம் 21, 22, 23, 24 நாலில் ஒன்று. எழுத்தே நாலு ஆப்ஷன் கொடுத்துவிடுகிறது! இரண்டாவது க என்று வாத்தியார் வாயால் சொன்னால்தான் 22 வரும். தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளைகள் சூத்திரத்தை விட்டுவிட்டு எண்ணையே மனப்பாடம் செய்வதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை.

சரி, 22 என்று வந்துவிட்டது. 22ஆவது மேளம் கரகரப்பிரியா, லாக் பண்ணலாமா? திருவாரூரில் கேட்டால் கொஞ்சம் பொறுங்கள் என்பார்கள். ஏனென்றால் மேளங்களுக்குப் பெயர்ப்பட்டியல் இரண்டு இருக்கிறது. கனகாங்கியில் தொடங்குகிற பட்டியலில் ஏழு ஸ்வரமும் வரிசையாக ஏறி வரிசையாக இறங்க வேண்டும், அதில் 22 கரகரப்பிரியா. கனகாம்பரியில் தொடங்குகிற பட்டியல் வேங்கடமகி வழி வந்தது. அதில் ஏழு ஸ்வரமும் ஏற்ற இறக்கத்தில் எங்காவது வந்தால் போதும், வளைந்தும் வரலாம், விட்டும் வரலாம். அதில் 22 ஸ்ரீராகம். ஏறும்போது காந்தாரமும் (க) தைவதமும் (த) கிடையாது, ஆனாலும் அதுதான் அந்த மேளத்துக்குத் தலை. முத்துசுவாமி தீட்சிதர் பின்பற்றியது இந்த இரண்டாவது பட்டியலை. கரகரப்பிரியாவில் உருப்படி உருப்படியாகச் செய்து அதற்கு ஓர் உருவம் கொடுத்தவர் தியாகராஜர். ஒரே கோயில் நிழலில் பிறந்த இரண்டு பேர், ஒரே எண்ணுக்கு இரண்டு பெயர். ஸ்வரஸ்தானங்கள் அதே ஸ்தானங்கள்தான், அதுதான் இதில் அழகு. கையேட்டில் ஒன்றுதான் இருக்கும். கனகாங்கிப் பட்டியலே எங்கும் பழக்கத்துக்கு வந்துவிட்டதால் அதைத் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் தீட்சிதர் வழியில் பாடம் கேட்ட ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஸ்ரீராகம் என்று சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அது நியாயமா?

இதுமாதிரி இன்னும் இருக்கிறது. தீட்சிதர் பாடிய நவக்கிரக கிருதிகள் எத்தனை? கேள்வியிலேயே நவ இருக்கிறது, ஒன்பது என்று சொல்லாதவன் முட்டாள். சிஷ்யர் தம்பியப்பாவுக்கு வயிற்றுவலி வந்தபோது வியாழனைக் குறித்துப் பாடத் தொடங்கியதாகத் திருவாரூரில் கதை சொல்வார்கள். ஆனால் 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் அச்சிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் இருப்பது ஏழுதான், கிழமைக்கு ஒன்று. ராகுவும் கேதுவும் பிற்சேர்க்கை என்று வாதிடுகிறவர்கள் உண்டு.

வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர் யார்? தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், மணலியில் இருந்தபோது ஐரோப்பியர் ஒருவரிடம் கற்றார் என்பது கையேட்டு விடை. தஞ்சாவூர் மேல வீதியில் கேட்டால் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு என்பார்கள். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்தத்தால் ஆன வயலினையே அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். மராட்டிய அரண்மனையில் இருந்த வராகப்பய்யர் பெயரைச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். மூன்று பேரும் கிட்டத்தட்ட ஒரே காலம். அந்தக் காலத்தில் தஞ்சாவூரில் ஐரோப்பிய வாத்தியம் ஒரு புதுமோகம், ஒரே சமயத்தில் பல கைகள் அதை எடுத்துப் பார்த்திருக்கின்றன. 'முதல்' என்ற சொல்லே இங்கே சரிப்படவில்லை. வினாடி வினாவோ முதல் இல்லாமல் பிழைக்காது.

சங்கீத பிதாமகர் யார் என்ற கேள்வியும் அடிக்கடி வரும், புரந்தரதாசர் என்பது விடை. ஆரம்பப் பாடமான ஸரளி வரிசையை மாயாமாளவகௌளையில் வைத்தவர் என்று காரணமும் சொல்வார்கள். தஞ்சாவூரில் இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்களை எனக்குத் தெரியும். ஆபிரகாம் பண்டிதர் 1917இல் ஆயிரத்துச் சொச்சம் பக்கத்தில் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டது இந்த ஊரில்தான், கர்நாடக சங்கீதம் என்பதே பழந்தமிழிசையின் தொடர்ச்சி என்று நிறுவுவதற்காக. ஓதுவார் ஒருவர் சீர்காழிப் பதிகத்தை நட்டபாடைப் பண்ணில் தொடங்கும்போது பக்கத்தில் நிற்கிற நாயனக்காரருக்கு அது நாட்டை, கம்பீர நாட்டைப் பக்கம் என்று காதிலேயே தெரியும். பண்ணும் ராகமும் அங்கே சண்டை போடுவதில்லை. சண்டை எல்லாம் அச்சில்தான்.

எனக்கு இதில் உண்மையான மனக்குறை ஒன்று உண்டு. நான் பார்த்த வரை, கேள்விகளில் வருகிற பெயர்கள் சபா மேடையின் பெயர்கள். கோயில் வாசலில் நின்று வாசித்தவர்களும் சதிர் ஆடிய குடும்பத்துப் பெண்களும் அபூர்வமாகத்தான் வருகிறார்கள். திருவையாற்றில் தியாகராஜர் நினைவுநாளான புஷ்ய பகுள பஞ்சமிக்கு நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று அவருடைய ஐந்து பஞ்சரத்னக் கிருதிகளைப் பாடுவதை டிவியில் பார்க்கிறோம். ஐந்தில் எது சமஸ்கிருதம் என்று கேட்டால் நாட்டை என்று பிள்ளைகள் சொல்லிவிடும். அவர்கள் உட்கார்ந்து பாடுகிற அந்தச் சமாதிக் கோயிலை 1920களில் தன் சொத்தைப் போட்டுக் கட்டியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். அவர் கட்டிய சந்நிதியில் அவரையும் சேர்த்துப் பெண்களைப் பாட விடாமல் இருந்த காலம் ஒன்று இருந்தது. பெரிய கட்சி, சின்ன கட்சி என்று ஆண்கள் பிரிந்து நடத்திக்கொண்டிருந்தபோது அவர் பெண்களைத் திரட்டித் தனியாகவே பாடவைத்தார். 1952இல் அவர் காலமானபோது தியாகராஜர் சமாதியைப் பார்த்தபடியே அவருக்கும் சமாதி வைத்தார்கள். இதிலிருந்து நாலு ஆப்ஷன் கேள்வி ஒன்று எடுக்க முடியாதா என்ன?

இன்னொன்று, காது. பெரியப்பா மாதிரி ஆட்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் எழுத்தில் வராதது. சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி, பள்ளியறைக்கு நீலாம்பரி என்பது வரைக்கும் கேட்கலாம், விடை கிடைக்கும். புறப்பாடு எந்த வீதி திரும்புகிறது என்பதை வீட்டுக்குள் படுத்துக்கொண்டே நாயனச் சத்தத்தில் சொல்லிவிடுவார் அவர். அதை எப்படிக் கேள்வி ஆக்குவது? பாட்டைப் போட்டு ராகம் கேட்கிற சுற்றுகள் கொஞ்சம் கிட்ட வருகின்றன. சினிமாப் பாட்டின் பல்லவியைப் போட்டு இது கல்யாணியா மோகனமா என்று கேட்கும்போது வீட்டில் எல்லோருமே ஒரு நொடி வாயை மூடிக்கொண்டு கேட்கிறார்கள். பெயர் தெரியாதவர்கள்கூட, 'அந்த இன்னொரு பாட்டு மாதிரி இருக்கே' என்று சரியான இடத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த இன்னொரு பாட்டு அதே ராகமாகத்தான் இருக்கும். நிகழ்ச்சிக்காரர்கள் இந்த வகையை இன்னும் கொஞ்சம் அதிகம் செய்யலாம். ஆனால் சினிமாப் பாட்டு பாதியில் ராகத்தை விட்டு வெளியே போய்விடும், எந்தத் துண்டை வெட்டிப் போடுவது என்று தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அக்கா மகள் போன வருஷம் இப்படி ஒரு நிகழ்ச்சியின் தேர்வுச் சுற்றுக்கு விண்ணப்பித்திருந்தாள். குரூப் தேர்வுக்குப் படிக்கிறவள், கையேடு முழுக்கத் தலைகீழ்ப் பாடம். நண்பருக்கு போன் போடும் உதவிக்கு யார் பெயரைக் கொடுப்பது என்று வீட்டில் பேச்சு வந்தது. சங்கீதக் கேள்வி வந்தால் தாத்தாதான் என்று அவளே முடிவு செய்து, ஒத்திகையும் வைத்தாள். அவள் மாடியில், பெரியப்பா கூடத்தில். முப்பது செகண்டு, நான் கையில் கடிகாரத்தோடு.

"தாத்தா, 22ஆவது மேளம் எது?"

"யார் பாடத்துல கேக்குறே பாப்பா?"

"பாடமெல்லாம் இல்ல தாத்தா, நாலுல ஒண்ணு. கரகரப்பிரியா, நடபைரவி, ஹரிகாம்போதி, தோடி."

பெரியப்பா போனைக் காதிலிருந்து எடுத்து வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு மெதுவாக இழுத்தார். ரி, ம, ப, நி என்று மேலே போய், நின்று, வளைந்து, ஒரு சின்னக் காந்தாரத்தைத் தொட்டுவிட்டு ரிஷபத்தில் வந்து உட்கார்ந்தார். பத்து செகண்டு அதிலேயே போயிற்று.

"என்ன தாத்தா அது?"

"ஸ்ரீ."

"அது ஆப்ஷன்லயே இல்ல தாத்தா."